நமக்கென ஒரு வீடு: முதன்முறை கட்டுவோர் அறிய வேண்டியவை

பால்மரக் காட்டில் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறும் தொழிலாளிக்கு, அந்த நாளில் எழும் முதற்கேள்வி "இனி எங்கே குடியிருப்பது?" என்பதாகும். தோட்ட வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. தோட்ட முதலாளிமார் தொழிலாளர்க்குத் தரமான குடியிருப்பு அளிக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் விதிக்கின்றது. ஆயினும் அச்சட்டம் அந்த வீட்டை நமக்குச் சொந்தமாக்கித் தரவில்லை. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆயிற்று. அறுபதில் கையில் சேமநிதியும் தலையில் நரையுமாக முதன்முறை வீடு கட்டப் புகுவதைவிட, நாற்பதிலேயே அதற்கு அடிகோலுவது நன்று. ஆகவே இத்திங்கள் பாடமாக இப்பொருளை எடுத்துக்கொள்கின்றோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்குவோம். செகாமட் வட்டாரத்தில் கணவர் பால் வெட்டினார். மனைவி வெளிக்காட்டு வேலை செய்தார். இருவரும் இருபது ஆண்டு சேர்த்த பணத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி, 20 அடிக்கு 30 அடியில் தாங்களே முன்னின்று வீடு எழுப்பினர். சுவர்கள் நிமிர்ந்தன. கூரைத் தகரம் ஏற்றும் நாளன்று, ஒரு விளிம்பில் தகரம் ஐந்து அங்குலம் கோணலாகச் சாய்ந்து நின்றது. அளந்து பார்த்தபோது வீட்டின் இரு மூலைவிட்டங்களும் எட்டு அங்குலம் வேறுபட்டன. அதாவது, வீடு சதுரமாக இல்லை. சற்றே சாய்ந்த சீட்டுக்கட்டுப் போல் இருந்தது. அதனை வெட்டி ஒட்டி ஒருவாறு சமாளித்தனர். ஆனால் முதற் பெருமழையில் மேட்டுப்புறத்து நீர் அடுப்பங்கரைக்குள் நுழைந்தது. அருகே ஆறு எதுவும் இல்லை. வெள்ளம் என்றால் ஆற்று வெள்ளமே என்று எண்ணியிருந்தோர்க்கு அது புதிய பாடம். இவ்விரண்டு பிழைகளும் செலவில்லாமல் தவிர்த்திருக்கக் கூடியவை: ஒரு கயிறும், ஒரு மழைநாளின் காத்திருப்பும் போதுமாயிருந்தன. பிழையுற்றோரைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர்தம் உழைப்பு இன்னொருவர்க்குப் பயன்படட்டும் என்பதற்காகவே எழுதுகின்றோம்.

மண் யாருடையது?

செங்கல் வாங்குமுன் தாளைப் பார்க்க வேண்டும். கிராண்டு என்று நாம் வழங்கும் நிலப்பட்டாவில் மூன்று செய்திகளைத் தேடுங்கள்: உரிமையாளர் பெயர், நிலத்தின் பயன்பாட்டு வகை, கட்டுப்பாடுகள். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச்சட்டத்தின்படி நிலப்பயன்பாடு விவசாயம், கட்டடம், தொழில் என மூவகைப்படும். விவசாய நிலத்தில் இருக்கும் ஒரு துண்டை "வீட்டு மனை" என்று சொல்லி விற்பவர் இருக்கின்றனர். சொல்லை நம்பாதீர்கள், மாவட்ட நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி அதிகாரபூர்வத் தேடலைச் செய்து பாருங்கள்.

இன்னொரு தாளும் உண்டு: தற்காலிகக் குடியிருப்பு உரிமம். இது பட்டா அன்று. அந்த ஆண்டின் டிசம்பர் இறுதியோடு முடிவது, புதுப்பிக்கப்பட வேண்டியது, மாற்றிக் கொடுக்க இயலாதது. இத்தாளை நம்பி நிலையான கல்வீடு கட்டுவது, வாடகை மாட்டுக்குத் தங்க லாடம் அடிப்பதைப் போன்றது. மேலும், பெரிய நிலத்தில் பலர் கூட்டாகப் பங்கு வாங்கி, "இந்த மூலை உனக்கு, அந்த மூலை எனக்கு" என்று வாய்மொழியாகப் பிரித்துக்கொள்வதும் வழக்கில் உண்டு. பட்டா பிரிக்கப்படாதவரை அந்த மூலை யாருக்கும் தனித்து உரியதாகாது. மூத்த தலைமுறையினர் இவ்விடத்தில் ஒன்றை நினைவுகூர்வர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடியிருப்பும் வேலையும் ஒருசேரப் போயின. அந்த அச்சத்திலிருந்து 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மண்ணின் மேல் உரிமை என்பது நம்மவர்க்குப் புத்தகச் சொல் அன்று.

பட்டா சரியாயின், அடுத்து வரைபடம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்து வடிவ அனுமதியின்றி எவரும் கட்டடம் எழுப்புதல் ஆகாது. சிறு வீட்டுக்குப் பெரிய கட்டடக் கலைஞரைத்தான் நாட வேண்டும் என்பதில்லை. பதிவுபெற்ற கட்டட வரைவாளர் போதும். வரைபடச் செலவை வீண்செலவு என்று எண்ணுவோர் பலர். ஆனால் அனுமதி பெற்ற வரைபடமில்லாத வீடு, கடனுக்கும் சேமநிதிக்கும் காப்புறுதிக்கும் கண்ணில் படாத வீடாகிவிடும் என்பதை மறத்தல் கூடாது.

நீர் எங்கே போகும்?

ஜொகூரில் வீடு கட்டுவோர் நீரைப்பற்றிப் பேசாமல் வேறெதையும் பேச இயலாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இருமுறை அடுத்தடுத்து வந்த வெள்ளம் கோத்தா திங்கி, செகாமட், பத்து பஹாட், குளுவாங், மூவார் ஆகிய பகுதிகளைப் பாதித்தது. ஜொகூரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு துறந்து நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது. முதல் வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவித் துடைத்து முடித்தவர்களே இரண்டாம் வெள்ளத்தில் மீண்டும் மூட்டை கட்டினர். 2023 மார்ச்சிலும் ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். பத்து பஹாட் மாவட்டம் அப்போது மிகுதியும் துன்புற்றது. அப்பகுதி தட்டையான தாழ்நிலம். அங்கே நீர் வேகமாக வராது. வந்தால் வேகமாகப் போகவும் செய்யாது.

ஆகையால் மனை வாங்குமுன் அவ்வூர்ப் பெரியவர் மூவரிடம் தனித்தனியே கேளுங்கள்: "வெள்ளம் எதுவரை வந்தது?" நிலம் விற்பவரிடம் கேட்பதால் பயனில்லை. பழைய சுவர்களிலும் மின்கம்பங்களிலும் நீர்க்கோடு தென்படும். அக்கோட்டிற்கு மேலே ஓர் அடியாவது உயர்ந்து நிற்கும்படி வீட்டுத் தரையை அமைக்க இயலுமா என்று பாருங்கள். இயலாதெனில், மலாய்க்காரர் தம் மூதாதையர் வழியே இன்றும் கட்டிவரும் தூண்வீடு நமக்கு நல்ல ஆசான். தரைக்கு மேல் தூண்களில் எழுப்பிய அவ்வீட்டின் அடியில் வெள்ளமும் போகும், காற்றும் போகும். அது மட்டுமன்று. முதலில் நடுவீட்டை மட்டும் கட்டி, வசதி வரும்போது பின்புறம் அடுப்பங்கரையைச் சேர்த்துக்கொள்வது அவர்தம் முறை. ஒரே மூச்சில் எல்லாம் வேண்டும் என்று கடனில் மூழ்கும் நம்மவர் சிலர் இம்முறையைக் கவனித்தல் நலம்.

ஆற்று வெள்ளத்தைவிட அடிக்கடி வரும் பகைவன் மேட்டு நீர். மனையில் ஒரு பெருமழையின்போது குடையோடு நின்று பாருங்கள். எங்கிருந்து நீர் வருகின்றது, எங்கே தேங்குகின்றது, எவ்வழி ஓடுகின்றது என்று மரக்குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றிலும் மண் வெளிப்புறமாகச் சரிய வேண்டும். மேட்டுப்புறத்தில் ஒரு வெட்டுக்கால் தோண்டி நீரை வீட்டைச் சுற்றித் திருப்பிவிட வேண்டும். சரிவில் பால்மரம் நடுமுன் படிவெட்டு வெட்டி நீரோட்டத்தைத் தடுப்பதை நாம் அறிவோம். அந்த அறிவையே வீட்டுக்கும் கொண்டுவர வேண்டும். முற்றச் சாக்கடையைப் பக்கத்து மனைக்குள் திருப்பிவிடுதல் மட்டும் ஆகாது. நீர் வழக்கைப்போல் நீண்ட வழக்கு வேறில்லை.

நீரைப் பார்த்தபின் மண்ணைப் பாருங்கள். நான்கு அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். செம்மண் அல்லது செம்பூராங்கல் கலந்த கெட்டி மண்ணாயின் சிறு வீட்டுக்கு ஏற்றது. குழியில் கறுத்து நாரோடியிருந்து, கையால் பிழிந்தால் நீர் சொட்டினால் அது கரிச்சதுப்பு மண். பொந்தியான், பத்து பஹாட் பகுதிகளில் இம்மண் மிகுதி. நீர் வடிந்தால் சுருங்கும்; ஆண்டுதோறும் தாழும்; வறட்சியில் தீப்பற்றவும் கூடும். அம்மண்ணில் நாமே கட்டுவோம் என்று துணிதல் வேண்டா. அங்குப் பொறியாளர் வேண்டும். வெட்டி நிரப்பிய மேட்டிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். லாரி மண்ணைக் கொட்டிய உடனே அதன்மேல் அடித்தளம் போட்டால், சில ஆண்டுகளில் சுவர் வெடிக்கும். நிரப்பு மண்ணை ஆறங்குலத்துக்கு ஓர் அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்கிய பின்பே அடுத்ததைக் கொட்ட வேண்டும். அடித்தளமோ நிரப்பிய மண்ணைத் தாண்டி, ஆதிமண்ணில் ஊன்றி நிற்க வேண்டும்.

கயிறும் குழாயும்

இனி அந்தச் செகாமட் வீட்டின் கோணலுக்கு வருவோம். மூலையைச் சதுரமாக்குவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி அளந்து ஆணி அடியுங்கள். அவ்விரு ஆணிகளுக்கும் இடையே சரியாக 10 அடி இருந்தால் மூலை செங்கோணம். இருக்கவில்லையெனில் ஒரு கயிற்றை நகர்த்துங்கள். மூன்று, நான்கு, ஐந்து என்ற விகிதத்தின் இருமடங்கே இது. பெரிய வீட்டுக்கு 9, 12, 15 என்று எடுத்தால் இன்னும் நுட்பமாக அமையும். அளவு பெரிதாகப் பெரிதாகப் பிழை சிறிதாகும்.

நான்கு மூலைகளையும் குறித்தபின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். 20 அடிக்கு 30 அடி வீட்டில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 36 அடி முக்கால் அங்குலம் வரவேண்டும். இரண்டும் ஒன்றேயாயின் வீடு சதுரம். இதற்கு ஆகும் நேரம் அரைமணி. சுவர் எழும்பியபின் அதே பிழையைத் திருத்த ஆகும் செலவை மேலே கண்டோம். அளவு நாடா தொய்யாமல் இழுத்துப் பிடிக்கவேண்டும். இருவர் இழுக்க மூன்றாமவர் எண்ணைப் படிக்கட்டும். படிப்பவர் மகனோ மகளோ ஆயின் நன்று. பள்ளியில் கற்ற பைத்தகோரசு தேற்றம் இதுதான் என்று அவர்களே கண்டுகொள்வர்.

மட்டத்திற்கு ஒளி ஊடுருவும் நீண்ட ரப்பர் குழாய் ஒன்றே போதும். குழாயில் நீரை நிரப்பி, உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி இருந்தால் குழாய் பொய் சொல்லும். ஒரு முனையை ஒரு முளைக்கம்பிலும் மறுமுனையை இன்னொரு முளைக்கம்பிலும் பிடித்தால் இருபுறத்து நீர்மட்டமும் ஒரே உயரத்தில் நிற்கும். அவ்விடத்தில் கோடிட்டுச் சுற்றிலும் முளைக்கம்புகளில் மாற்றிக்கொண்டே வந்தால், மேடுபள்ளமான மனையிலும் தரைமட்டம் துல்லியமாகக் கிடைக்கும். சுவர் நேராக எழும்புகின்றதா என்பதைத் தூக்குக்குண்டு சொல்லும். கொத்தனார் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு மாலையும் நீங்களே குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அதைக் கண்டு அவர் மனம் வருந்த மாட்டார்; வருந்தினால் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

முளைக்கம்புகளைச் சுவர்க்கோட்டிலேயே அடித்தல் பெரும்பாலோர் செய்யும் பிழை. குழி வெட்டும்போது அவை பிடுங்கப்படும். பிறகு அளவு முழுவதும் தொலையும். சுவர்க்கோட்டுக்கு மூன்று அடி வெளியே கம்பு நட்டுக் குறுக்குப் பலகை அடித்து, அப்பலகையில் ஆணிகளைப் பொருத்துங்கள். கயிற்றைக் கழற்றலாம், மீண்டும் கட்டலாம். அளவு அங்கேயே இருக்கும்.

கலவையும் நீரும்

பால் வெட்டும் நமக்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். பாலில் தண்ணீர் கலந்தால் எடை கூடும், ரப்பர் குறையும். மெட்ரோலாக்கை அமிழ்த்திப் பார்க்கும் கிராணியிடம் அது மறையாது. காங்கிரீட்டிலும் அவ்வாறே. நீர் மிகுந்த கலவை வழவழவென்று எளிதாக ஊற்றப்படும். வேலையாளுக்குக் கை வலிக்காது. ஆனால் மிகுந்த நீர் வெளியேறிய இடங்களில் நுண்துளைகள் விட்டுப்போகும், காங்கிரீட் வலுவிழக்கும். பாலுக்கு மெட்ரோலாக் உண்டு; வீட்டு மனையில் நிற்கும் நமக்கோ நம் கண்ணும் கையுமே கருவி. கலவையைக் கைப்பிடியளவு எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், நீர் விரலிடுக்கில் வழியக் கூடாது.

சிறு வீட்டின் சாதாரண வேலைகளுக்குச் சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்ற விகிதம் வழக்கமானது. 50 கிலோ எடையுள்ள சிமெண்டுப் பை ஒன்று ஏறத்தாழ 35 லிட்டர் கொள்ளளவு. அதாவது, மண்ணெண்ணெய் டின்னில் இரண்டு டின். ஆகவே ஒரு பைக்கு நான்கு டின் மணலும் எட்டு டின் ஜல்லியும். நீர் ஒன்றரை டின்னுக்குள் அடங்க வேண்டும். மழையில் நனைந்த மணலாயின் அதனினும் குறைக்க வேண்டும். மண்வெட்டியால் எண்ணுவதை விட்டுவிடுங்கள். ஒருவர் மண்வெட்டி குவியும், மற்றொருவர் மண்வெட்டி சப்பையாக இருக்கும். டின்னே நீதி வழங்கும். கடற்கரை மணலை வாங்காதீர்கள். அதிலுள்ள உப்பு உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

தூண்களுக்கும் விட்டங்களுக்கும் எத்தனை கம்பி, எவ்வளவு தடிப்பு என்பதை வரைபடம் சொல்லட்டும். அதில் நம் யோசனை வேண்டா. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கம்பி காங்கிரீட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருக்கக்கூடாது. மண்ணைத் தொடும் அடித்தளத்தில் இரண்டு அங்குலமேனும் காங்கிரீட் அதனை மூடியிருக்க வேண்டும். அதற்காகச் சிறு சிமெண்டுக் கட்டிகளை முன்கூட்டியே வார்த்து வைத்து, கம்பியின் அடியில் முட்டுக்கொடுங்கள். மரத்துண்டும் செங்கல்துண்டும் கூடா.

வார்த்தபின் நம் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன்பிறகுதான் ஒரு வார வேலை தொடங்குகின்றது. வார்த்த காங்கிரீட்டை ஏழு நாளும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். சாக்கு போட்டு நனைத்தால் போதும். காங்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை; சிமெண்டும் நீரும் கலந்து செயற்படுவதாலேயே இறுகுகின்றது. வெயிலில் முன்னதாகவே காய்ந்துவிட்டால் அச்செயல் நின்றுவிடும். முழு வலு வர 28 நாள் செல்லும். நம்மவர் வீட்டுத் தரைகளில் சில ஆண்டுக்குள் தூள் கிளம்புவதற்கும் கீறல் விடுவதற்கும் இந்த ஏழு நாள் பொறுமையின்மை பெரும்பாலும் காரணம் என்று நாம் கருதுகின்றோம். நம் நாட்டில் பால்மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டிப் பால் குறைந்து ஓய்வும் சிறிது கிடைக்கும். அடித்தள வேலைக்கு அக்காலம் பொருந்தும். நவம்பர் முதல் ஜனவரி வரை குழி வெட்டினால் குழியில் மீன் பிடிக்கலாம்.

மரமும் கூரையும்

பால்மரத்தை வெட்டி வீடு கட்டலாமே என்று கேட்போர் உண்டு. மறுநடவுக்காகச் சாய்த்த மரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும்போது அக்கேள்வி இயல்பே. மருந்தேற்றிய பால்மரப் பலகையில் நல்ல மேசையும் நாற்காலியும் செய்து உலகெங்கும் அனுப்புகின்றோம். மருந்தேற்றாத பால்மரமோ வெட்டிய சில நாளிலேயே நீலக்கறை பிடித்து வண்டு துளைக்கும். அதனைத் தூணாகவோ கூரைச்சட்டமாகவோ நம்புதல் கூடாது. தூணுக்குச் செங்கால், பாலாவ் போன்ற கடின மரங்கள் நிற்கும். விலை மிகுதி என்றால் காங்கிரீட் முட்டின்மேல் மருந்தேற்றிய மரத்தை நிறுத்தலாம். மெராந்தி கதவுநிலைக்கும் உள்வேலைக்கும் ஆகும், மண்ணைத் தொடக்கூடாது. எந்த மரமாயினும் மண்ணுக்கும் அதற்கும் இடையே ஓர் அடி காங்கிரீட் இருந்தால் செல்லு ஏறுவதைக் கண்ணால் காணலாம், கண்டால் அழிக்கலாம்.

இடிக்கப்படும் பழைய லயத்துத் தூண்களில் சிலபோது அருமையான மரம் கிடைக்கும். நிர்வாகத்தின் எழுத்து வடிவ அனுமதியோடு எடுங்கள். ஆனால் அந்த லயங்களின் சாம்பல் நிற அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளைத் தொடவேண்டா. உடைத்தாலும் அறுத்தாலும் அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் விளைவிக்கும். இலவசமாகக் கிடைத்தாலும் விலை அதிகம்.

கூரைத் தகரம் வெயிலில் கொதிக்கும். மழையில் பேச்சுக் கேட்காது. தகரத்தின் கீழே வெப்பத்தடுப்பு விரிப்பு இடுங்கள். கூரையின் இறவாணத்தைச் சுவருக்கு மூன்று அடி வெளியே நீட்டுங்கள். அந்த மூன்று அடி சுவரையும் காக்கும், சன்னலைத் திறந்தே வைத்திருக்கவும் உதவும். 1984ஆம் ஆண்டின் ஒருமித்த கட்டட விதிகள், குடியிருக்கும் அறையின் சன்னல் பரப்பு தரைப்பரப்பில் நூற்றுக்குப் பத்துக்குக் குறையாதிருக்க வேண்டும் என்றும், காற்று தடையின்றி நுழையும் திறப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாதிருக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. நூறு சதுர அடி அறைக்கு நான்கு அடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள சன்னல் இந்த அளவை நிறைவு செய்யும். அறையின் உயரம் 2.5 மீட்டருக்குக் குறைதல் ஆகாது. இருண்ட லயத்து அறையில் பகலிலும் விளக்கேற்றிப் படித்தவர்கள் நம்மில் உண்டு. சன்னலில் மிச்சம் பிடிக்க வேண்டா.

கழிப்பறைத் தொட்டி கிணற்றுக்கு 50 அடிக்கு உட்படாமலும், கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்திலும் அமைய வேண்டும். மின்கம்பியிழுப்பைப் பதிவுபெற்ற மின்பணியாளரிடமே விடுங்கள்; "மச்சானுக்குத் தெரியும்" என்ற பேச்சு இவ்விடத்தில் வேண்டா.

பணமும் ஒப்பந்தமும்

ஊழியர் சேமநிதியில் வீட்டுக்காகப் பணம் எடுக்கும் வழி உண்டு. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினரின் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகின்றது: புதிதாக வரும் சந்தாவில் நூற்றுக்கு 75 ஓய்வுக் கணக்குக்கும், 15 நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 நெகிழ்வுக் கணக்குக்கும் செல்லும். வீட்டுக்கான பணம் நல்வாழ்வுக் கணக்கிலிருந்து பெறப்படுவது. நெகிழ்வுக் கணக்கை எந்நேரமும் எடுக்கலாம் என்பதால் பண்டிகைக்கு ஒரு கை, தொலைப்பேசிக்கு ஒரு கை என்று கரைத்துவிடாதீர்கள். கதவும் சன்னலும் அதிலிருந்தே வரக்கூடும். வாரியம் ஆவணம் கேட்கும். பட்டாவும் வரைபடமும் ஒப்பந்தமும் முறையாக இருந்தாலன்றிப் பணம் வாராது. சொந்த நிலமுடைய குறைந்த வருமானத்தினர், தேசிய வீடமைப்பு நிறுவனமான எஸ்.பி.என்.பி.யின் ருமா மெஸ்ரா திட்டத்தையும் விசாரித்துப் பார்க்கலாம்.

குத்தகையாளரிடம் வேலை ஒப்படைப்பதாயின் முதலில் அவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். முன்பணமாகப் பெருந்தொகை கேட்பவரிடம் வணக்கம் சொல்லி விடைபெறுங்கள். அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, சுவர் முடிந்தால் இவ்வளவு, கூரை முடிந்தால் இவ்வளவு எனக் கட்டங்கட்டமாகக் கொடுத்து, இறுதியில் நூற்றுக்குப் பத்தையேனும் நிறுத்தி வையுங்கள். ஒரு மழைக்காலம் சென்று ஒழுகல் இல்லை என்று கண்டபின் அதைக் கொடுக்கலாம். நமக்குத் தெரிந்த ஒருவர் பாதித்தொகையை முதல் வாரமே கொடுத்தார். குத்தகையாளர் இரண்டாம் வாரம் வரவில்லை. எஞ்சியது ஒரு குழியும் முப்பது பை சிமெண்டும். அதுவும் தார்ப்பாய் போர்த்தாமல் கல்லாகிப் போயிற்று.

செலவைக் குறைக்கும் வழியைத் தேடுவோர், கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞரின் பெயரை அறிந்திருத்தல் நலம். பிரிட்டனில் பிறந்த அவர் ஏழைகளுக்கான வீடுகளைப் பெரிதும் கட்டினார். அருகில் கிடைக்கும் பொருளைப் பயன்படுத்துதல், தேவையற்ற பூச்சையும் அலங்காரத்தையும் விடுதல், செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கி நடுவில் வெற்றிடம் விடுதல் ஆகியவற்றால் செலவைச் சுருக்கினார். அவர் முறைகளை அப்படியே இங்குக் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. பூச்சைச் சுருக்கலாம், கூரை அலங்காரத்தைச் சுருக்கலாம், வாசல் தூணின் தாமரை மொட்டைச் சுருக்கலாம். அடித்தளத்தையும் கம்பியையும் சுருக்கக் கூடாது என்பதே நாம் கொள்ளத்தக்கது. விருந்தினர் கண்ணில் படுவதற்குச் செலவிட்டு, மண்ணுக்குள் இருப்பதில் மிச்சம் பிடிப்பது நம்மிடையே ஒரு வியாதியாகிவிட்டது.

வேலை முடிந்ததும் பணி நிறைவுச் சான்றிதழ் பெறவேண்டும். 2007 முதல் சி.சி.சி. எனப்படும் அச்சான்றிதழை உங்கள் வரைபடத்திற்குப் பொறுப்பேற்றவரே வழங்குவார். அது கைக்கு வருமுன் பால் காய்ச்சிக் குடிபுகுதல் முறையன்று. தைப்பூசத்துக்குள், தீபாவளிக்குள் என்று நாளைக் குறித்துக்கொண்டு அவரை நெருக்குவதும் ஆகாது.

செகாமட் குடும்பத்தார் அடுப்பங்கரைக்குப் பின்னால் ஓர் அடி அகல வெட்டுக்கால் தோண்டி, நீரைச் சாலையோரச் சாக்கடையில் சேர்த்துவிட்டனர். சென்ற மழைக்காலத்தில் நாம் போயிருந்தபோது தரை உலர்ந்திருந்தது. கோணல் விளிம்பை மறைக்கத் தகரத்தின் ஓரத்தில் ஒரு பலகை அடித்திருக்கின்றனர். அதற்கு நீலச்சாயமும் பூசியிருக்கின்றனர். இப்போது மகனுக்காகப் பக்கத்தில் ஓர் அறை சேர்க்க எண்ணமாம். முளைக்கம்புகள் நட்டாகிவிட்டன. மூலைவிட்டம் அளந்தாயிற்றா என்று கேட்டோம். அந்த அம்மையார் சிரித்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த நாடாவை எடுத்துக் கொண்டுவந்து நம் கையில் ஒரு முனையைக் கொடுத்தார்.